வட்டம் முட்டையான பதினோரு நாள்

மிளகாக்காவுக்குக் கோபம் வரும் என்பது அந்த அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் மாடியில் உட்கார்ந்திருக்கும் பெரிய பொறியாளர் வரை எல்லோருக்கும் தெரியும். எதற்காக வருகிறது என்று விசாரிக்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. பெயரே அவள் முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். நேரில் வெறும் ‘அக்கா’. அவளுக்கும் அது தெரியும். மிளகாய் என்றால் உறைக்கத்தானே செய்யும், உறைக்காத மிளகாயை எவன் வாங்குவான் என்று ஒருமுறை அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

வயது ஐம்பத்திரண்டு. குடிநீர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வரைபட மேசை அவளுடையது, இருபத்து நாலு வருஷமாக. ஊரின் அடியில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதெல்லாம் பழைய வரைபடங்களில் இருக்கிறது. அவற்றைக் கணினியில் ஏற்றியதும் அவள்தான். தெருவில் பள்ளம் தோண்டும் ஆட்கள் குழாயை வெட்டுவதற்கு முன் அவளுக்குப் போன் போடுவார்கள். அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். குழாயின் மேல் வட்டம் போட்டிருந்தால் தண்ணீர் ஓடுகிற லைன், கை வைக்கக் கூடாது. படுத்த முட்டை போட்டிருந்தால் அடைத்துப் போட்ட செத்த லைன், வெட்டலாம். அந்தக் காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் இவ்வளவு கிட்டத்துக் குறியீடாகப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவளிடம் ஒரு கறாரான பழக்கம் உண்டு. பாதி ஊர் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் மனப்பாடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். “இரு, பாத்துச் சொல்றேன்” என்பாள். பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில் நிற்பவன் அவசரப்படுத்தினாலும் சரி, பெரிய பொறியாளரே தலைமேல் வந்து நின்றாலும் சரி, கண்ணால் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. ஞாபகம் நம்மை ஏமாற்றலாம், வரைபடம் ஏமாற்றாது என்பது அவளுடைய கட்சி. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதைக் கேட்டு எவனும் தப்பான குழாயை வெட்டியதில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ளத் தகுதி இருந்தது, சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டதுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. எழுத்தெல்லாம் ஊதிப்போய், ஓரம் கலங்கித் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை பளிச்சென்று இருந்த திரை. உடனே கணினி பழுது பார்ப்பவனைக் கூப்பிட்டாள். அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘ரீஸ்டார்ட்’. எந்த வியாதிக்கும் அவனிடம் அந்த ஒரே மருந்துதான். அணைத்துப் போடுங்கள், மதியம் வந்து பார்க்கிறேன் என்றான். அணைத்துப் போட்டாள். அப்படியேதான் இருந்தது.

பத்து மணிக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. பள்ளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர் அவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்தவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழாயை வெட்ட வேண்டும், ஓடுகிறதா செத்ததா என்று கேட்டார். ஓடுகிற லைன் என்று அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பழக்கம் விடவில்லை. இருங்கண்ணே, பாத்துச் சொல்றேன் என்று அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். அங்கே ஒரே ஒரு குறிதான் இருந்தது, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. நல்ல கொழுத்த முட்டை. ஞாபகம்தான் பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, செத்த லைன்தான், வெட்டுங்க என்றாள்.

மேஸ்திரி வெட்டினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் அவரைத் தூக்கிப் பள்ளத்தின் சுவரில் அடித்தது. தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது அவர் கோபித்துக்கொள்வார் என்று இவள் எதிர்பார்த்தாள். கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது இதுதான்: “கண்ணைக் கொஞ்சம் கவனிச்சுக்கம்மா. வயசாகுதில்ல.”

யாரோ அவரிடம் அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று யோசிக்க வேண்டியதே இல்லை. பெரிய பொறியாளர் அன்று மதியமே அந்த வரைபடத்தைத் தன் கணினியிலிருந்து காகிதத்தில் எடுத்துக் கொண்டுவந்து அவள் மேசைமேல் போட்டார். காகிதத்தில் இருந்தது வட்டம். திரையைப் பாருங்கள் சார், எல்லாத்தையும் குண்டாகக் காட்டுகிறது என்று இவள் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ரீஸ்டார்ட்டும் பார்த்தான்.

“எனக்கு வட்டமாத்தான் தெரியுது” என்றார் அவர்.

ரீஸ்டார்ட் அவரை ஒரு தடவை பார்த்தான், திரையை ஒரு தடவை பார்த்தான், ஆமாம் என்று தலையாட்டினான்.

அவ்வளவுதான், கதை முடிந்தது. ஒருவனுக்கு வட்டம் என்று முன்னாலேயே தெரிந்தால் கொழுக்கட்டையைக்கூட வட்டம் என்பான். இரண்டு பேருக்கு வட்டமாகத் தெரிவது ஒருத்திக்கு மட்டும் முட்டையாகத் தெரிந்தால், கோளாறு யாரிடம்? கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர், நேர்மையாகச் சோதித்து, வலது கண்ணில் லேசாகச் ‘சிலிண்டர்’ பவர், அதாவது உருவத்தை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டும் குறை, இருக்கிறது, புதுக் கண்ணாடி போடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். இந்த வயதில் பாதிப் பேருக்கு இருப்பதுதான் என்றும் சொன்னார். அந்தச் சீட்டு பெரிய பொறியாளருக்கு லட்டு மாதிரி கிடைத்தது. பார்வைக் குறைவு காரணமாக இவளை வரைபட மேசையிலிருந்து எடுத்து, முன்பக்கக் கவுண்ட்டரில் விண்ணப்பம் வாங்கும் வேலைக்கு மாற்றலாம் என்று கடிதம் தயாரானது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வரும், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தண்டனை இல்லாமல் முடித்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

புதுக் கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தாள். முட்டை முட்டையாகவே இருந்தது.

இதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையில் பயம் வந்தது. பயம் வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், இவளுக்குக் கோபம் வரும். ரீஸ்டார்ட்டை மேசையில் பிடித்து உட்கார வைத்தாள். அவன் என்னென்னவோ செய்தான். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து கட்டளைகள் தட்டினான். திரையின் அளவு ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டுப் புள்ளிகள், அதற்கு மேல் போகமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. பெரிய அளவைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தான், திரை மொத்தமாக இருண்டுபோனது. திரையை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். கடைசியில் எழுந்து, இது லினக்ஸ் அக்கா, அப்படித்தான் இருக்கும், புள்ளி குறைந்தால் எழுத்து கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், வட்டமெல்லாம் முட்டையாகாது என்றான்.

அலுவலகக் கணினிகள் எல்லாம் போன வருஷம்தான் பழைய இயங்குதளத்தை விட்டு லினக்ஸுக்கு மாறியிருந்தன. அன்றிலிருந்து அதன் பாடு, வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளின் பாடுதான். பால் பொங்கினாலும் அவள், பானை உடைந்தாலும் அவள். பிரிண்டரில் காகிதம் தீர்ந்தாலும் லினக்ஸ் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக இருந்த லினக்ஸ் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்துக் கெட்டுப்போயிற்றா என்று இவள் கேட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் அவள் கணவர் ஜன்னல் கதவு செய்கிற தச்சு வேலைக்காரர். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர், அதற்காகவே இவளிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவர். கவுண்ட்டர் வேலை நல்லதுதானே, போன் தொல்லை இல்லை, உட்கார்ந்த இடத்தில் காகிதம் வாங்கிப் போடலாமே என்று அவர் சமாதானமாகச் சொன்னார். அன்று அந்த வீட்டில் பாத்திரங்கள் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. சொன்னவருக்கே தப்பு புரிந்து, அடுத்த நாள் காலை வாயைத் திறக்காமல் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டார். இவள் தேநீர் கொண்டுபோனபோது ஒரு ஜன்னல் சட்டத்தைத் தரையில் போட்டு மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். பார்த்தாலே சதுரமாகத்தானே இருக்கிறது, இதையும் எதற்கு அளக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தாள். பார்த்தா எல்லாமே சதுரமாத்தான் இருக்கும் என்று தலை நிமிராமலேயே சொன்னார் அவர்.

அவள் தேநீரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு அவருடைய இரும்பு ஸ்கேலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அது பத்தாவது நாள். மறுநாள் விசாரணை.

அலுவலகத்தில் வரைபட மென்பொருளைத் திறந்து புதிதாக ஒரு வட்டம் போட்டாள். கணினி போட்ட வட்டம், அதில் அவள் கண்ணுக்கு வேலை இல்லை. திரையின் கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்தாள். உயரம் ஒன்பது சென்டிமீட்டர். ஸ்கேலைப் படுக்கப் போட்டாள். அகலம் பன்னிரண்டு. மறுபடி அளந்தாள். ஒன்பது, பன்னிரண்டு. ஸ்கேலுக்குச் சிலிண்டர் பவர் கிடையாது. பத்து நாள் பயம் இறங்கியது, இறங்கிய இடத்தில் கோபம் பற்றியது. இவள் கண் சரிதான். அப்படியானால் இந்த இரண்டு பேரும் என்ன பார்த்தார்கள்?

சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் இருந்தால் இன்னும் ஆபத்து என்பது அவள் கணவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பக்கத்து அறையில் புகார்ப் பிரிவுப் பெண்ணிடம் இதே மாதிரிக் கணினி, இதே மாதிரித் திரை இருந்தன. மதிய இடைவேளையில் அவளிடம் கேட்டுக்கொண்டு அதன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். அங்கே திரையின் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தது, அளவுகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருந்தன. இவளுடையதில் ‘அறியப்படாத திரை’ என்று இருந்தது, அளவு ஒன்றே ஒன்று. தன் கண்ணெதிரே பத்து நாளாக உட்கார்ந்திருக்கும் திரையைக் கணினிக்குத் தெரியவில்லையாம்.

அந்தப் பெண்ணும் கூடமாட உதவினாள். இவள் திரையை அங்கே கொண்டுபோய் மாட்டினார்கள். பளிச்சென்று வந்தது, வட்டம் வட்டமாக இருந்தது. அப்படியானால் திரையில் குறையில்லை. இவள் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே மாட்டினார்கள். அதுவும் பளிச். கணினியிலும் குறையில்லை, பாவம் லினக்ஸிலும் குறையில்லை. இரண்டையும் திரும்ப இவள் மேசைக்குக் கொண்டுவந்து மாட்டியவுடன் மறுபடி முட்டை. மிச்சம் இருப்பது கேபிள் ஒன்றுதான்.

புடவையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். கணினியிலிருந்து கிளம்பிய கேபிளைக் கையாலேயே தடவிக்கொண்டு போனாள். அது நேராகத் திரைக்குப் போகவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரோரப் பிளாஸ்டிக் குழலுக்குள் நுழைந்தது. மூடியைப் பெயர்த்தாள். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. ஒரு கேபிள் அதற்குள் போனது, இரண்டு வெளியே வந்தன. ஒன்று அவள் திரைக்கு. இன்னொன்று சுவரில் ஏறி, கூரையில் புதிதாகப் போட்ட ஓட்டை வழியாக மாடிக்குப் போனது. மாடியில் அந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பது பெரிய பொறியாளரின் அறை. கூட்டங்களுக்காக என்று போன மாதம் அவர் வாங்கி மாட்டிய பெரிய டிவியும் அங்கேதான் இருந்தது.

அவள் பெட்டியைத் தொடவில்லை. மூடியைத் திரும்ப வைத்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டாள். அவன் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிடிபட்டால் மறைக்கத் தெரியாத ஆள், அது ஒன்றுதான் அவனிடம் இருந்த நல்ல குணம். ஞாயிற்றுக்கிழமை வெளியாள் ஒருவரை அழைத்துவந்து சார் மாட்டினார், ஏணி பிடித்தது தான்தான், யார் வேலை செய்கிறார்கள் யார் சும்மா இருக்கிறார்கள் என்று மாடியிலிருந்தே பார்க்கலாம் என்றார், வெளியே சொல்லக் கூடாது என்றார் என்று ஒப்பித்தான். கணினி தன் திரையைப் பார்த்து ‘நீ யார், எவ்வளவு பெரியவள்’ என்று கேட்குமாம். திரை பதில் சொல்லுமாம். நடுவில் உட்கார்ந்த மட்டமான பெட்டி அந்தப் பதிலை விழுங்கிவிட்டது. பதில் வராத கணினி, எதற்கு வம்பு என்று சின்னப் படமாக அனுப்பியது. அகலத் திரை அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பிக்கொண்டது.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“மூணாவது நாளே சந்தேகம் வந்துச்சுக்கா.”

“ஏழு நாள். நான் கண்ணு டாக்டர்கிட்ட போய் உக்காந்திருந்தப்பவும் உனக்குத் தெரியும்.”

அவன் தரையைப் பார்த்தான். வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னான். யாருடைய வேலை போனால் பரவாயில்லை என்று நினைத்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டாத அளவுக்கு அது இருவருக்கும் தெரிந்திருந்தது. நாளைக்கு வரை இந்தப் பெட்டிமேல் யார் கையும் படக் கூடாது, பட்டால் முதலில் உன் பெயரைத்தான் சொல்வேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

விசாரணை அதிகாரியாக வந்தவர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறவர். கடிதம் வரைபட மேசைமேல் தயாராக இருந்தது, பக்கத்தில் பேனா. பெரிய பொறியாளர் மிகவும் வருத்தத்தோடு பேசினார். நல்ல ஊழியர், வயதாகிவிட்டது, மருத்துவச் சீட்டு இருக்கிறது, கண் உள்ள யாருக்கும் அது வட்டம் என்று தெரிந்திருக்கும், இவருக்குத் தெரியவில்லை, என்ன செய்வது.

மிளகாக்கா பேனாவை எடுக்கவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து அதிகாரியிடம் நீட்டி, இது கணினியே போட்ட வட்டம், நீங்களே அளந்து பாருங்கள் மேடம் என்றாள். அந்தப் பெண்மணி எழுந்து அளந்தார். ஒன்பது, பன்னிரண்டு. எழுதிக்கொண்டார். இவள் பீரோவுக்குப் பின்னால் போய் மூடியைக் கழற்றிப் பெட்டியைக் காட்டினாள். கணினியிலிருந்து வந்த கேபிளை அதிலிருந்து பிடுங்கி நேராகத் திரையில் மாட்டினாள். திரை ஒரு நொடி இருண்டு, பிறகு வெளிச்சமாக, கூர்மையாக வந்தது. அதிகாரி மறுபடி அளந்தார். ஒன்பது, ஒன்பது. அதையும் எழுதிக்கொண்டார்.

பெரிய பொறியாளர் தொண்டையைக் கனைத்தார். தொழில்நுட்பக் கோளாறு போலிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கண்காணிப்பு என்பது நிர்வாகத்தின் உரிமை என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு மாடியில டிவி ஓடிட்டுத்தானே இருந்துச்சு சார்?” என்று கேட்டாள் மிளகாக்கா. “நான் பாத்த அதே படத்தை நீங்களும் பாத்திருப்பீங்க. அது வட்டமாத் தெரிஞ்சிருந்தா, நான் வெட்டச் சொல்றப்போ ஏன் ஓடிவந்து தடுக்கல? முட்டையாத் தெரிஞ்சிருந்தா, ஏன் எங்கிட்ட வந்து வட்டம்னு சொன்னீங்க?”

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார், பதிலுக்காக. சுவரோரம் நின்ற ரீஸ்டார்ட், கேட்காமலேயே, ஏணி பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அதுவும் சேர்த்து எழுதப்பட்டது. அதிகாரி இடமாற்றக் கடிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வரைபட மேசையில் நீங்களே இருங்கள் என்றார்.

பெரிய பொறியாளருக்கு மூச்சு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட தோரணையில் சிரிக்கக்கூட முயன்றார். “அதான் சரியாப்போச்சே. இன்னும் ஏம்மா முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?”

“பத்து நாள் என் கண்ணை நானே நம்பல சார். வீட்ல சோறு பரிமாறுனா தட்டு வட்டமா இருக்கான்னு தடவிப் பாத்தேன். அது கிடக்கட்டும், எம்பாடு. அங்க ஆஸ்பத்திரியில எலும்பு முறிஞ்சு படுத்திருக்காரே மனுஷன், அவரு இன்னும் எனக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சு, எனக்காக வருத்தப்பட்டுட்டு இருக்காரு. அதை அவர்கிட்ட சொன்னது நீங்க. வந்து நீங்களே மாத்திச் சொல்லுங்க.”

நாளைக்குப் பார்க்கலாம், இன்று நிறைய வேலை இருக்கிறது என்று அவர் கதவைப் பார்த்தார். மிளகாக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

“வண்டியை எடுக்கச் சொல்லுங்க” என்றார் பெரிய பொறியாளரிடம். “நானும் வரேன்.”